விதையும் நிலமும்
(ரெனே டூபோஸ் என்னும் நுண்ணுயிரியலறிஞரின் எழுத்துகள் பற்றி)

நம் துறை ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் காட்டும் கண்ணாடித் தகடு ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் அதனை வைத்துப் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவந்த சிறு கோல்கள் சில சிதறிக் கிடப்பது தெரியும். அவை காச நோயை உண்டாக்கும் கிருமிகள். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் இக்கிருமியைக் கண்டறிந்ததாக உலகுக்கு அறிவித்தார் என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டுக்குச் செல்வது என் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி என்னை அவ்வாறு செல்ல விடவில்லை. "ஐயா, இந்தக் கிருமி காற்றில் பரவுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பேருந்தில் நெருக்கியடித்துப் போகிற எங்கள் எல்லாருக்குமே நோய் வந்திருக்க வேண்டுமே? ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. கிருமி உள்ளே புகுந்தவர் அனைவரும் நோயாளியாவதில்லை. நூறு பேர் உடலில் காசக் கிருமி குடியேறினால், அவர்களுள் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படுகிறது. எஞ்சிய தொண்ணூறு பேரின் உடல் அதனைச் சிறை வைத்துவிடுகிறது. அந்தப் பத்துப் பேரை மற்றவரிடமிருந்து பிரிப்பது எது? இக்கேள்வியை நான் வகுப்பறையில் கற்கவில்லை. என் வீட்டில் கற்றேன்.

என் கேள்வி பிறந்த இடம்

என் அக்காள் பீடி சுற்றும் தொழிலாளி. அத்தானுக்கு நிலையான வேலை இல்லை. ஓர் அறையும் ஒரு திண்ணையுமே வீடு. சமையலும் படுக்கையும் பீடித்தூள் நிறைந்த முறமும் அந்த ஓர் அறைக்குள்தான். 1994-ஆம் ஆண்டில் அக்காளுக்குக் காச நோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை தந்தார்கள். அவளும் உண்டாள், நலம் பெற்றாள். அப்போது இளநிலை வகுப்பில் இருந்த நான், மருந்தின் ஆற்றலைக் கண்டு வியந்தேன். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகளின் பெயரையும் மந்திரம்போல் ஒப்பித்துத் திரிந்தேன்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. பதினான்கு வயதான அவள் மகளுக்கு இருமல் கண்டது. அதே நோய். முதுநிலை வகுப்பில் சேர்ந்திருந்த நான் ஊருக்கு ஓடினேன். தாய்மாமன் அல்லவா? போனவன் ஆறுதல் சொல்லவில்லை, அக்காளைக் கடிந்துகொண்டேன். மாத்திரைகளை ஒழுங்காக உண்ணாமல் விட்டிருப்பாய், அதனால்தான் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன்.

அக்காள் அழவில்லை. சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு நாள்கூட மாத்திரைய விட்டதில்லடா தம்பி. அவளுக்கு ஏன் வந்துச்சுன்னு படிச்சவன் நீதான் சொல்லணும்."

என்னால் சொல்ல முடியவில்லை. நான் படித்த பாடநூல்களில் கிருமி இருந்தது, மருந்து இருந்தது. அந்த ஓர் அறை வீடு இல்லை. விடை தேடிப் பல்கலைக்கழக நூலகத்தில் அலைந்தபோதுதான் ரெனே டூபோஸ் எழுதிய நூல்கள் என் கையில் அகப்பட்டன. அன்று முதல் அவரை நான் ஆசிரியராகக் கொண்டேன். அவர் எழுத்துகளை நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கசாப்புக் கடையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

டூபோஸ் 1901-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் பிரான்சு நாட்டில் பிறந்தவர். பாரிசுக்கு வடக்கே உள்ள எனோன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் கசாப்புக் கடைக்காரர். சிறு வயதிலேயே மூட்டுக் காய்ச்சல் கண்டு சிறுவனின் இதயம் பழுதுற்றது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய தந்தையார் விரைவில் மறைந்தார். பாரிசில் தாய் நடத்திய கடையில் உதவிக்கொண்டே படித்து, 1921-இல் வேளாண்மைக் கல்வியில் பட்டம் பெற்றார்.

பின்னர் ரோம் நகரில் ஒரு வேளாண்மை நிறுவனத்தில் இதழ்ப் பணி. அங்கேதான் 1924-இல் ருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி எழுதிய ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரியைத் தனியே பிரித்தெடுத்து, கண்ணாடிக் குப்பியில் கொழுக்க உணவூட்டி வளர்த்து ஆராய்வதால் அதன் உண்மை இயல்பு விளங்காது. அது பிற உயிர்களோடு போட்டியிட்டு வாழும் அதன் சொந்த இடத்திலேயே அதனை அறிய வேண்டும் என்பது அக்கட்டுரையின் கருத்து. தம் வாழ்க்கையின் திருப்புமுனை இக்கட்டுரையே என்று டூபோஸ் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார்.

அவ்வாண்டே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கப்பலில் செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் நுண்ணுயிரியலறிஞரின் நட்புக் கிடைத்தது. அவரிடம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார். செடிகொடிகளின் செல்லுலோசை மண் கிருமிகள் எவ்வாறு சிதைக்கின்றன என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். மண்ணில் மக்கும் சருகுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று நமக்குத் தோன்றும். அந்தத் தொடர்பை ஒரு பகலுணவு மேசை உண்டாக்கியது.

மண் தந்த மருந்து

நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு ஒருவரைக் காணச் சென்ற டூபோஸ், உணவுக்கூடத்தில் ஆஸ்வால்ட் ஏவரி என்பாரின் அருகில் அமர நேர்ந்தது. மரபுப் பண்பைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ. என்பதை 1944-இல் மெய்ப்பித்தவர்களுள் முதல்வர் இந்த ஏவரிதான். அப்போது அவர் நிமோனியாக் கிருமியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அக்கிருமி தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அவ்வுறை இருக்கும்வரை நம் இரத்தத்தின் வெள்ளணுக்களால் கிருமியை விழுங்க முடிவதில்லை. உறையை மட்டும் கரைத்துவிட்டால்?

இளைஞர் டூபோஸ் எண்ணிப் பார்த்தார். உறை ஒரு சர்க்கரைப் பொருள். உயிர்கள் ஆக்கும் எப்பொருளும் மண்ணில் குவிந்து கிடப்பதில்லை. எனவே அதனை உண்ணும் ஏதோ ஒரு கிருமி மண்ணில் இருந்தே தீர வேண்டும். இதுவே அவருடைய தர்க்கம். நியூஜெர்சி மாநிலத்தில் கிரான்பெரிப் பழம் விளையும் ஒரு சதுப்பு நிலத்து மண்ணிலிருந்து அத்தகைய கிருமியைப் பிடித்தார். அது சுரக்கும் நொதி, நிமோனியாக் கிருமியின் உறையைக் கரைத்தது. கொடிய நோயேற்றிய எலிகளைப் பிழைக்க வைத்தது. 1930-இல் இது வெளியாயிற்று.

மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த மண் கிருமிக்கு வேறு நல்ல உணவு கொடுத்தால் செழித்து வளர்ந்தது. ஆனால் அந்த நொதியை ஆக்கவில்லை. உறைப்பொருளையே உண்டாக வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் நொதி சுரந்தது. திறன் உள்ளேயே இருந்தது. அதனை வெளிக்கொணர்ந்தது சூழ்நிலை. நிமோனியாவுக்கு மருந்து கண்டதைக் காட்டிலும் இவ்வுண்மையைக் கண்டதையே டூபோஸ் பெரிதாகக் கருதினார். அவர் பின்னாளில் மனிதனைப் பற்றி எழுதிய அத்தனை நூல்களுக்கும் வித்து இதுவே எனலாம்.

அதே தர்க்கத்தைக் கொண்டு 1939-இல் இன்னொரு வெற்றி கண்டார். மண்ணுக்குச் சீழ்க்கிருமிகளை உயிரோடு உணவாக இட்டுக் காத்திருந்தார். அவற்றை அழித்துண்ணும் பாசில்லஸ் ப்ரெவிஸ் என்ற கிருமி கிட்டியது. அதிலிருந்து கிராமிசிடின் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. வணிக முறையில் தயாரிக்கப்பட்ட முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இவ்வழியில் வந்ததே. இரத்தத்தில் செலுத்தினால் அது சிவப்பணுக்களைச் சிதைத்தது. ஆகவே புண்ணின் மேற்பூச்சாகவே பயன்பட்டது. ஆயினும் மண்ணில் மருந்து உண்டு என்ற வாயிலை அது திறந்துவிட்டது. அவருடைய ஆசிரியரான வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் 1943-இல் காச நோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதுவும் மண் தந்ததே.

புகழின் உச்சியில் இருந்த அவர் அத்துறையில் மேலும் பல மருந்துகளைத் தேடிச் சென்றிருக்கலாம். செல்லவில்லை. கிருமிகள் இம்மருந்துகளுக்குப் பழகி, எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும் என்று 1940-களின் தொடக்கத்திலேயே எச்சரித்தார். இன்று பல மருந்துகளுக்கும் அடங்காத காசக் கிருமி உலகெங்கும் உலவுவதைக் காணும்போது அந்த எச்சரிக்கையின் பொருள் நமக்கு விளங்குகிறது.

மனைவியைக் கொண்டுபோன நோய்

டூபோஸின் வாழ்விலும் காச நோய் நுழைந்தது. அவருடைய முதல் மனைவி மேரி லூயிஸ், 1942-இல் அந்நோயால் மாண்டார். சிறுமியாக இருந்தபோது அவருக்கு அந்நோய் கண்டு தணிந்திருந்தது. பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த நோய் ஏன் விழித்துக்கொண்டது? இரண்டாம் உலகப் போரில் பிரான்சு வீழ்ந்த துயரமும், அங்குள்ள உறவினரைப் பற்றிய கவலையும் அவர் உடலின் எதிர்ப்பைக் குலைத்தன என்று டூபோஸ் நம்பினார். கிருமி புதிதாக வரவில்லை. அது இருந்த நிலம் மாறிவிட்டது.

அதன்பின் அவர் காச நோய் ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்படைத்தார். மெதுவாகவும் கட்டிகட்டியாகவும் வளரும் காசக் கிருமியை, விரைவாகவும் சீராகவும் வளர்க்கும் ஊடகம் ஒன்றை உருவாக்கினார். உலகின் பல ஆய்வுக்கூடங்கள் அதனைப் பயன்படுத்தின. 1952-இல் தம் இரண்டாம் மனைவி ஜீன் டூபோஸுடன் சேர்ந்து 'தி ஒயிட் பிளேக்', அதாவது 'வெண்கொள்ளை நோய்' என்ற நூலை எழுதினார். காச நோயின் சமுதாய வரலாறு அது.

அந்நூல் கூறும் செய்தி இது. ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் பெருகி, மக்கள் இருண்ட குடிசைகளில் நெருங்கி, அரை வயிற்றுக் கஞ்சியோடு நெடுநேரம் உழைத்த காலத்தில் காச நோய் காட்டுத்தீயெனப் பரவியது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே அந்நோயால் நேரும் சாவு குறைந்துகொண்டே வந்தது. அப்போது மருந்து ஏது? ஸ்ட்ரெப்டோமைசின் வருமுன்னரே அந்தச் சாவின் பெரும்பகுதி குறைந்துவிட்டது. வயிற்றுக்குச் சோறும், வீட்டுக்குக் காற்றும், உழைப்புக்கு வரம்பும் மெல்ல மெல்லக் கிடைத்ததன் பயனே அது என்பது டூபோஸின் துணிபு.

இக்கருத்து அவருக்குப் பாஸ்டரிடமிருந்து வந்தது. கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிறுவிய லூயி பாஸ்டரின் வாழ்க்கை வரலாற்றை டூபோஸ் 1950-இல் எழுதினார். அதில் அவர் விரும்பி எடுத்துக்காட்டும் சோதனை ஒன்றுண்டு. கோழிக்கு அடைப்பான் நோய் வருவதில்லை. அதன் உடற்சூடு மிகுதி. பாஸ்டர் ஒரு கோழிக்கு அக்கிருமியை ஏற்றி, குளிர்ந்த நீரில் நிறுத்தி அதன் உடற்சூட்டைத் தணித்தார். நோய் பற்றிக்கொண்டது. நீரிலிருந்து எடுத்துச் சூடேற்றியபோது நோயுற்ற கோழி பிழைத்தது. கிருமி அதுவேதான், கோழியும் அதுவேதான். மாறியது சூழ்நிலை ஒன்றே. பாஸ்டரின் பின்வந்தோர் கிருமியை மட்டும் பிடித்துக்கொண்டு கோழி நின்ற தண்ணீரை மறந்துவிட்டனர் என்பதே டூபோஸின் வருத்தம்.

நம் உழவர் இதனை எளிதாகச் சொல்லுவர். விதை ஒன்றாயினும் களரில் இட்டால் ஒரு விளைவு, நன்செயில் இட்டால் வேறொரு விளைவு. கிருமி விதை; உடல் நிலம். அந்த நிலத்தை ஆக்குவன உணவு, உறைவிடம், உழைப்பு, கவலை ஆகியவை.

சென்னை சொன்ன மறுமொழி

ஆசிரியர் என்று ஏற்றுக்கொண்டதால் அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. டூபோஸின் கருத்தைச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அது நம் சென்னை.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காச நோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அமைத்த நிலையம் அது. காச நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல காற்றும் பாலும் முட்டையும் படுக்கை ஓய்வும் தந்தால்தான் பிழைப்பார் என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் தத்தம் நெருக்கடியான வீடுகளில். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியாயிற்று. குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் இருந்தும், வீட்டிலிருந்து மருந்துண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே குணமடைந்தனர். அவர்கள் வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை.

உலகின் காச நோய்ச் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு இது. இலட்சக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு பிழைக்க வழி திறந்தது. என் அக்காளும் அவ்வழியில் பிழைத்தவளே. அப்படியானால் டூபோஸ் தோற்றாரா?

நெடுநாள் நான் அவ்வாறே எண்ணிக் குழம்பினேன். பிறகு தெளிந்தேன். சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, நோயாளி மருந்தால் பிழைப்பாரா என்பது. டூபோஸ் கேட்ட கேள்வி, நோயாளி ஏன் உண்டாகிறார் என்பது. முதற் கேள்விக்கு மருந்து விடை தந்தது. இரண்டாவது கேள்வி அப்படியே நின்றது.

அக்கேள்விக்கு நம் நாடே அண்மையில் விடை தந்துள்ளது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று, சேத்துப்பட்டு நிலையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பது நமக்குப் பெருமை. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வோர் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தனர். வீட்டாருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் தந்தனர். 2023-இல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காச நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காச நோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது.

அரிசியும் பருப்பும் ஏறக்குறைய ஒரு தடுப்பு மருந்தின் வேலையைச் செய்துள்ளன! இம்முடிவைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அக்காள் வீட்டு முறமும் சட்டியுமே கண்முன் நின்றன. தாய்க்கு நோய் தெரியவரும் முன்பே அந்தச் சிறுமி கிருமியைச் சுவாசித்திருக்க வேண்டும். அது உறங்கியிருக்கும். வளரும் பருவத்தில், பள்ளி விட்டு வந்து பீடியும் சுற்றி, இருப்பதைத் தம்பிமார்க்கு வைத்துவிட்டு மிஞ்சியதை உண்ட உடலில் அது விழித்துக்கொண்டது. அக்காள் ஒரு மாத்திரையையும் தவற விடவில்லை. மருந்தும் தோற்கவில்லை. அம்மருந்தோடு சேர்ந்து அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஒரு மூட்டை அரிசி போகவில்லை.

இன்று நிலைமை சிறிது மாறியுள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியின் வீட்டாருக்கு முன்னதாகவே தடுப்பு மாத்திரை தரும் வழக்கம் வந்துள்ளது. ஊட்டத்துக்கென நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018-இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாயிற்று. நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய 'காச நோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்தவுடனேயே நோயாளியின் உடல் எடையையும் பார்த்து, மிகவும் மெலிந்தோரை மருத்துவமனையில் சேர்க்க வழி செய்கிறது. நுண்ணோக்கியோடு எடை பார்க்கும் இயந்திரமும் மருத்துவத்துக்கு இன்றியமையாதது என்பதை ஏற்றுக்கொண்ட திட்டம் இது. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பத்துக் குறட்பாக்களுள் பெரும்பாலானவற்றில் மருந்தைப் பேசாமல் உணவையே பேசியதன் நுட்பத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நலம் என்னும் கானல்நீர்

டூபோஸ் 1959-இல் 'மிராஜ் ஆஃப் ஹெல்த்' என்ற நூலை வெளியிட்டார். 'நலம் என்னும் கானல்நீர்' என்று அதனைத் தமிழில் கூறலாம். நோயே இல்லாத உலகத்தை விஞ்ஞானம் ஒரு நாள் படைத்துவிடும் என்ற கனவு கானல்நீரே என்று அதில் வாதிட்டார். மனிதன் இடம் மாறுகிறான், தொழில் மாறுகிறான், புதிய பொருள்களைப் படைக்கிறான். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு புதிய நோய் வருகிறது. ஆகவே நலம் என்பது மாறும் சூழ்நிலையோடு ஒத்து வாழும் ஆற்றலே தவிர, ஒரு முறை அடைந்து பூட்டி வைக்கும் பொருள் அன்று.

ஆனால் ஒத்து வாழும் ஆற்றலுக்கும் ஒரு கேடு உண்டு என்று பிந்திய நூல்களில் எச்சரித்தார். மனிதன் எதற்கும் பழகிவிடுவான். புகைக்குப் பழகுவான்; இரைச்சலுக்குப் பழகுவான்; சாக்கடை நாற்றத்துக்கும் பழகுவான். பழகிவிட்டதால் தீங்கில்லை என்று நினைப்பான். தீங்கோ மெல்ல மெல்ல, பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் அவன் பிள்ளைகளிடத்தில் தலைகாட்டும். எலிக் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் நேரும் ஊட்டக் குறைவும் தொற்றும் அவை வளர்ந்த பின்னும் நீங்காத் தடம் விடுவதை அவருடைய ஆய்வுக்கூடம் காட்டியது. குடலில் வாழும் நல்ல கிருமிகள் நலத்துக்கு இன்றியமையாதவை என்பதையும் 1960-களில் ரஸல் ஷெட்லருடன் சேர்ந்து எலிகளில் ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் பேசப்படும் குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கு அவர் ஒரு முன்னோடி.

1968-இல் வெளிவந்த 'சோ ஹியூமன் ஆன் அனிமல்' என்ற நூலுக்கு 1969-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மனிதன் தன் சூழ்நிலையால் எவ்வாறு உருவாக்கப்படுகிறான் என்பதே அதன் பொருள். சதுப்பு நிலத்து மண் கிருமி கற்றுத் தந்த பாடத்தை இங்கே மனிதனுக்கு உரியதாக்குகிறார். ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் பல திறன்கள் உறங்குகின்றன. எது விழிக்கும், எது கருகும் என்பதைச் சுற்றுப்புறமே பெரிதும் முடிவு செய்கிறது. ஆகவே நல்ல சுற்றுப்புறம் என்பது பொழுதுபோக்குக்குரிய அழகுப் பொருள் அன்று; பிள்ளைகளின் பிறப்புரிமை.

ஒரே பூமி

1972-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. அதற்கென, 58 நாடுகளைச் சேர்ந்த 152 அறிஞர்களின் கருத்துரைகளைக் கொண்டு, பார்பரா வார்டு என்ற பொருளாதார அறிஞரும் டூபோஸும் எழுதிய நூலே 'ஒன்லி ஒன் எர்த்'. மாநாடு தொடங்கிய ஜூன் 5-ஆம் நாளையே நாம் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடுகிறோம். அம்மாநாட்டில், ஏழ்மையை மறந்துவிட்டுச் சுற்றுச்சூழலைப் பேச இயலாது என்று அன்றைய நம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் எடுத்துரைத்தார். காச நோயைப் பற்றி டூபோஸ் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியதும் அதுவன்றோ?

சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுவோர் பலர் உலகம் அழியப் போகிறது என்றே அச்சுறுத்துவர். டூபோஸ் அவ்வாறு செய்யவில்லை. மனிதன் கை பட்டால் இயற்கை கெட்டே தீரும் என்பதை அவர் ஏற்கவில்லை. 1980-இல் எழுதிய 'தி வூயிங் ஆஃப் எர்த்' என்ற நூலின் தலைப்பை அவர் நம் இரவீந்திரநாத தாகூரின் எழுத்திலிருந்து பெற்றார். இளமையில் ஐரோப்பாவில் இரயிலில் சென்ற தாகூர், அங்குள்ள வயல்களைக் கண்டு, உழவர் தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் காதலித்து இணங்கச் செய்த காட்சி என வியந்தார். டூபோஸ் வளர்ந்த சிற்றூரும் அத்தகையதே. காடழித்த நிலந்தான், ஆயினும் பல நூற்றாண்டுகள் மனிதர் அன்போடு பேணியதால் வளமும் அழகும் குன்றாதது. நியூயார்க் நகரத்துக் கழிவுகளால் பாழ்பட்டிருந்த ஜமைக்கா விரிகுடாவில், மனிதர் செடி நட்டுப் பேணியதால் பறவைகள் திரும்பி வந்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதினார். நம் ஏரிகளையும் கண்மாய்களையும் வெட்டியவர்கள் இயற்கைக்குப் பகைவரா? அவற்றைத் தூர்த்தவர்களே பகைவர்.

உலகளாவிய கேடுகளுக்கும் தீர்வு அவரவர் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவருடைய முடிந்த கருத்து. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தம் 81-ஆவது பிறந்த நாளன்று, அவர் நியூயார்க்கில் காலமானார்.

மாணவர்க்குச் சில சொற்கள்

என்னிடம் கேள்வி கேட்ட மாணவிக்கு அன்று நான் முழு விடை சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. அவ்விடையே இக்கட்டுரை.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை மருத்துவ ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுவீர்கள். சளி வந்த குப்பியின் எண்ணைப் பதிந்து, நுண்ணோக்கியில் சிவந்த கோல்களை எண்ணி, 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதித் தருவீர்கள். அவ்வேலை மிக உயர்ந்தது. அதில் ஒரு சிறு பிழையும் நேரக் கூடாது. ஆயினும் அந்தக் குப்பி ஒரு வீட்டிலிருந்து வந்தது என்பதையும் மறவாதீர்கள். அந்த வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், சாளரம் உண்டா, அடுப்பில் எத்தனை வேளை உலை கொதிக்கிறது என்பவை நுண்ணோக்கியில் தெரியா. கேட்டால்தான் தெரியும்.

நான் கேட்காமலேயே தீர்ப்புச் சொன்னவன். பல ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கலுக்குச் சென்றிருந்தபோது அக்காளிடம், "அன்றைக்கு நான் சொன்னது தப்பு அக்கா" என்றேன். அவள், "எதைச் சொல்ற தம்பி?" என்று கேட்டாள். அவளுக்கு நினைவில்லையா, நினைவில்லாததுபோல் இருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. மருந்துண்டு முழு நலம் பெற்ற என் மருமகள் இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அன்று அவள் எங்களுக்கெல்லாம் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். தன் மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவாக வைத்ததை நான் பார்த்தேன்.